பெண்களின் மருத்துவ ரிப்போர்ட்டுகள்: மருத்துவமனை செயலியா, ஆபாவா, வாட்ஸ்அப்பா, காகித ஃபைலா?

"ஆஸ்பத்திரி ஆப்பிலேயே எல்லா ரிப்போர்ட்டும் வந்துடுது, இனிமே ஃபைல் தூக்கிட்டு அலையணுமா?" என்று ஒருவர் கேட்கிறார். "ஆபா நம்பர் போடச் சொல்றாங்க, போடலாமா வேண்டாமா?" என்று இன்னொருவர். "லேப்ல இருந்து வாட்ஸ்அப்ல அனுப்பிடறாங்களே, அது போதாதா?" என்று மூன்றாமவர். கேட்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதில் வியப்பில்லை. தைராய்டு, நீர்க்கட்டி, கர்ப்பம், பிரசவம், கர்ப்பப்பைக் கட்டி, மார்பகப் பரிசோதனை என்று மருத்துவமனைப் படி ஏறும் சந்தர்ப்பங்கள் பெண்களுக்கு அதிகம். போதாததற்குப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையும் மாமியாரின் சர்க்கரை ரிப்போர்ட்டும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இன்றைக்கு நான்கு வழிகள் கையில் இருக்கின்றன: தனியார் மருத்துவமனையின் சொந்தச் செயலி அல்லது நோயாளர் இணையதளம், பல மருத்துவமனைப் பதிவுகளை ஒரே எண்ணில் இணைக்கும் மத்திய அரசின் ஆபா (ABHA) கணக்கு, வாட்ஸ்அப்பில் வருவதைச் சேமித்து கூகுள் டிரைவில் போட்டுவைப்பது, பழைய காகித ஃபைல். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் வசதி அதிகம் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தக் கணக்கு யாருடைய போன் நம்பரில் இருக்கிறது என்று பாருங்கள். நம்பர் உங்கள் கையில் இல்லையென்றால் மிகச் சிறந்த செயலியும் உங்களுக்குப் பயன்படாது.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

ஓ.டி.பி. யாருக்குப் போகிறது? பதிவு கவுன்டரில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஊழியர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே "மொபைல் நம்பர் சொல்லுங்க" என்பார். பக்கத்தில் நிற்கும் கணவர் தன்னுடைய நம்பரைச் சொல்வார். பில் கட்டுவது அவர், கூப்பிட்டால் எடுப்பது அவர் என்பதால் யாருக்கும் அது உறுத்தாது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பில், அடுத்த அப்பாயின்ட்மென்ட் எல்லாமே அந்த நம்பருக்குத்தான் போகும். செயலியைத் திறக்க அவள் முயன்றால் ஓ.டி.பி.யும் அங்கேதான் போகும். அவர் வேலையில் இருக்கும்போது போன் போட்டு, "ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்று கேட்டுத்தான் தன் ஹீமோகுளோபின் அளவை அவள் பார்க்க முடியும்.

இது சின்ன விஷயம் என்று தோன்றினால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்த இந்தியப் பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் அளவு 46.9 சதவீதம். இத்தனைக்கும் இங்கே நான்கில் மூன்று பெண்களிடம் தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருந்தது. இன்று இந்த எண்ணிக்கைகள் கூடியிருக்கும். ஆனால் போன் கையில் இருப்பதும், தன் நம்பரை மருத்துவமனைக் கோப்பில் எழுதவைப்பதும் வேறு வேறு.

மருத்துவமனை மாறினால் கூடவே வருமா? நம் பெண்களுக்கு இது மிக முக்கியம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது இன்னும் பரவலான வழக்கம். ஆறு மாதம் வரை சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு டாக்டர். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டு ஊரில் வேறொரு டாக்டர். சிகிச்சை பாதியில் கைமாறுகிறது. அந்தக் கைமாற்றத்தில் எது தொலைந்தாலும் இழப்பு பெரிது.

நீங்கள் பேச முடியாத நிலையில் இன்னொருவர் எடுத்துக் காட்ட முடியுமா? நடுராத்திரியில் பனிக்குடம் உடைகிறது. போனில் சார்ஜ் இல்லை. கூட வருவது அம்மா மட்டும். அப்போது ரத்த வகையையும் கடைசி ஸ்கேனையும் எடுத்துக்கொடுக்க அவரால் முடியுமா?

யார் பார்க்கக் கூடாதோ அவர் பார்க்காமல் இருப்பாரா? மேலே சொன்னதற்கு நேர் எதிரான தேவை இது. கருத்தரிப்புச் சிகிச்சை, கருக்கலைப்பு, மனநல மருந்து, பால்வினைத் தொற்றுப் பரிசோதனை, திருமணமாகாத பெண்ணின் கர்ப்பப்பை ஸ்கேன் என்று வீட்டில் எல்லோரும் பார்க்க வேண்டாத ரிப்போர்ட்டுகள் உண்டு. அவசரத்தில் கிடைக்கவும் வேண்டும், மற்ற நேரத்தில் மறைந்திருக்கவும் வேண்டும். இரண்டையும் முழுதாகத் தரும் வழி எதுவும் இல்லை. உங்களுக்கு எது அதிகம் தேவை என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

எத்தனை வருடம் நிற்கும்? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருந்தால் போதும். முதல் பிள்ளைக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் ஐந்து வருட இடைவெளி என்றால், முதல் சிசேரியனின் குறிப்பு மருத்துவமனையிலேயே இல்லாமல் போகலாம். அதே விதிகளில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது: நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. எழுத்தில் கேளுங்கள், கேட்ட தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பணச் செலவை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. நான்கு வழிகளும் கிட்டத்தட்ட இலவசம். செலவு வேறு ரூபத்தில் வருகிறது. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## மருத்துவமனையின் சொந்தச் செயலி

வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது. காலையில் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் போனில் ரிப்போர்ட் வந்துவிடும். அப்பாயின்ட்மென்ட், பில், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே இடத்தில். தைராய்டு மாதிரி மாதக்கணக்கில் கவனிக்க வேண்டிய விஷயத்தில் இது உண்மையிலேயே உதவுகிறது. தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவு மருந்துக்குப் பிறகு இறங்கியிருக்கிறதா என்று வரைபடமாகவே பார்க்கலாம். ஒரே லேப், ஒரே முறை என்பதால் ஒப்பிடவும் முடியும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். முதலாவது, இது அந்த மருத்துவமனையின் சுவருக்குள் மட்டும்தான். தாய்வீட்டு ஊர் டாக்டர் அதைத் தன் கணினியில் திறந்து பார்க்க முடியாது. நீங்கள் போனை நீட்ட வேண்டும். அவர் சின்னத் திரையில் விரலால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். வெளியே நெரிசல் இருக்கும்போது எத்தனை டாக்டர் அதைச் செய்வார்?

இரண்டாவது, ரிப்போர்ட் டாக்டரை முந்திக்கொண்டு வந்துவிடும். குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் மாதிரி குரோமோசோம் குறைபாடு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட, கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் எடுக்கும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு நோட்டிபிகேஷன் வருகிறது. திறந்தால் சிவப்பு எழுத்தில் "அதிக ஆபத்து". டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் வீட்டில் தூக்கம் இருக்காது. அது நோய் இருக்கிறது என்று சொல்லும் பரிசோதனையே கிடையாது, சல்லடை மட்டும்தான். ரிப்போர்ட்டில் 1:200 என்று இருந்தால், அதே அளவு வந்த 200 கர்ப்பிணிகளில் 199 பேரின் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்காது என்பதே பொருள். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டில் பை-ராட்ஸ் 0 என்று பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. இன்னும் படம் எடுத்தால்தான் சொல்ல முடியும் என்பதற்கான குறியீடு அது. அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளால் ரிப்போர்ட் தயாரானதும் நோயாளியின் போர்ட்டலில் வந்துவிடுவது பொதுவாகிவிட்டது. அங்கேயும் டாக்டருக்கு முன்பே முடிவைப் படித்துப் பதறும் இதே சிக்கல் இருக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்க்கும் உரிமை நோயாளிக்குத்தான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தனியாக இருக்கும் நேரத்தில் திறப்பதா, மறுநாள் டாக்டர் அறையில் திறப்பதா என்று ரத்தம் கொடுக்கும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

மூன்றாவது, செயலியில் வருவது பெரும்பாலும் எழுத்து ரிப்போர்ட். ஸ்கேன் படமும் மேமோகிராம் படமும் ஃபிலிமாகவோ சி.டி.யாகவோதான் கிடைக்கும். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்கப் போனால் அவர் முதலில் கேட்பது படத்தைத்தான்.

நான்காவது, கணினி முடங்கலாம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கின. நாட்டின் முதன்மையான மருத்துவமனையே பல நாட்கள் கையால் எழுதி வேலை பார்த்தது. நாம் போகும் மருத்துவமனைக்கு அது நடக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதுதான் சரியான தேர்வு என்று எப்போது சொல்வேன்? வருடக்கணக்கில் ஒரே மருத்துவமனை, உங்கள் சொந்த நம்பர், வீட்டில் மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை. இந்த மூன்றும் பொருந்தினால் தாராளமாக இதை நம்பலாம். அப்போதும் வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி வேறு இடத்தில் போட்டுவையுங்கள்.

## ஆபா கணக்கு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆபா என்பது காப்பீட்டு அட்டை கிடையாது. ஐந்து லட்சம் ரூபாய் சிகிச்சைக்கான ஆயுஷ்மான் அட்டை வேறு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு. ஆபா ஒரு 14 இலக்க எண். பல மருத்துவமனைகளில் சிதறிக் கிடக்கும் உங்கள் பதிவுகளை இணைக்கும் கயிறு மாதிரி. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற திட்டத்தின் கீழ், 2020இல் புதுச்சேரி உட்பட ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனை செய்து, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கினார்கள். தேசிய சுகாதார ஆணையம் நடத்துகிறது.

யோசனை நல்ல யோசனை. பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். இன்னொரு டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் போனுக்குச் சம்மதம் கேட்டு வரும். எந்த வகைப் பதிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாள் பார்க்கலாம் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். வேண்டாமென்றால் கணக்கையே முடக்கலாம், அழிக்கலாம். எழுத்தளவில் பார்த்தால் தாய்வீட்டுப் பிரசவத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. சென்னை மருத்துவமனை, தாய்வீட்டு ஊர் மருத்துவமனை இரண்டும் இணைந்திருந்தால் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் ரிப்போர்ட் உங்கள் சம்மதத்தோடு அங்கே தெரியும்.

அந்த "இணைந்திருந்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எண் எடுத்த மாத்திரத்தில் பழைய ரிப்போர்ட் எதுவும் வந்து சேராது. மருத்துவமனை இந்த அமைப்பில் சேர்ந்திருக்க வேண்டும், உங்கள் பதிவை அந்த எண்ணோடு இணைத்திருக்க வேண்டும். தெருமுனை ஸ்கேன் சென்டரும், பெண் டாக்டரின் சின்ன கிளினிக்கும் பல ஊர்களில் இன்னும் கணினிப் பதிவுக்கே வரவில்லை. அதனால் போய்ச் சேரப்போகும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் போட்டு, "ஆபாவில் வரும் ரிப்போர்ட்டை உங்க டாக்டர் திறந்து பார்ப்பாரா?" என்று கேளுங்கள். டோக்கன் போட மட்டும் ஆபா கியூ.ஆர். ஸ்கேன் செய்யும் இடங்களும் உண்டு. வரிசை குறையும், அதுவே உபயோகம்தான். ஆனால் அதை வைத்து ரிப்போர்ட் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

பெண்களுக்கு இதில் இருக்கும் பெரிய பொறி ஆதார். ஆபாவை ஆதார் மூலம் எடுக்கும்போது ஓ.டி.பி. ஆதாரில் இருக்கும் நம்பருக்குப் போகும். கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆதாரில் அப்பா நம்பர் இருக்கும். அல்லது எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம். ஆபாவில் தொடர்புக்கு வேறு நம்பர் கொடுக்க வழி இருக்கிறது, அங்கே கண்டிப்பாக உங்கள் நம்பரைக் கொடுங்கள். ஆதாரிலேயே நம்பரை மாற்றிவிடுவது அதைவிட நல்லது. ஆதார் மையத்தில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கியின் சேவையாகத் தபால்காரர் மூலமும் செய்கிறார்கள்.

அப்புறம், கவுன்டரில் "ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும் சொல்லுங்கம்மா" என்றால் உடனே சொல்லிவிடாதீர்கள். எதற்கான ஓ.டி.பி. என்று மெசேஜைப் படியுங்கள். புதுக் கணக்கு தொடங்கவா, பதிவை இணைக்கவா, பகிரச் சம்மதமா? சம்மதம் என்றால் எத்தனை நாளுக்கு? கேட்பது உங்கள் உரிமை. ஆபா எடுப்பது கட்டாயமும் இல்லை.

## வாட்ஸ்அப்பில் வருவதும் டிரைவில் சேர்ப்பதும்

நடைமுறையில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான். யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்ததில்லை. லேப் அனுப்புகிறது, அக்காவுக்கு ஃபார்வேர்ட் ஆகிறது, பிறகு ஆயிரம் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது.

வாட்ஸ்அப்பை மட்டும் நம்பினால் நஷ்டம் நிச்சயம். லேப் அனுப்பும் சில செய்திகளில் ரிப்போர்ட் இருக்காது, இணைப்பு மட்டும் இருக்கும். அது கொஞ்ச நாளில் காலாவதியாகிவிடும். போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், ஸ்கேன் ரிப்போர்ட்டின் சின்ன எண்கள் படிக்க முடியாமல் மங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போன் தொலைந்து, பேக்கப்பும் இல்லையென்றால் எல்லாம் போச்சு.

ஆனால் வந்த அன்றைக்கே எடுத்துத் தனியாகச் சேமித்தால் நான்கு வழிகளில் உங்கள் பிடி அதிகம் இருப்பது இதில்தான். எந்த மருத்துவமனை, எந்த லேப் என்ற பேதமில்லை. கூகுள் கணக்கில் 15 ஜி.பி. இலவசம், டிஜிலாக்கரில் 1 ஜி.பி. ரிப்போர்ட்டுகளுக்கு அது ஏராளம். காகிதத்தில் வந்தால் கூகுள் டிரைவ் செயலியிலேயே இருக்கும் ஸ்கேன் வசதியால் நேராக, நிழல் விழாமல் எடுக்கலாம். பெயர் வைப்பதில் ஒரே ஒரு ஒழுங்கு போதும்: முதலில் வருடம், மாதம், தேதி, பிறகு என்ன ரிப்போர்ட் என்பது. "2025-03-14 அனாமலி ஸ்கேன்" என்று வைத்தால் தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். டாக்டர் "போன தடவை எப்போ எடுத்தீங்க?" என்று கேட்டால் தடுமாற வேண்டாம்.

கவனிக்க வேண்டியது கூகுள் கணக்கு எந்தெந்த போனில் திறந்திருக்கிறது என்பது. புதுப் போன் வாங்கித் தரும்போது கணவரோ தம்பியோ தன் ஜிமெயிலையே போட்டுக்கொடுத்திருப்பார். அப்படியிருந்தால் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு போட்டோவும் அவர் போனிலும் தெரியலாம். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எந்தெந்தக் கருவிகளில் நுழைந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும், பாருங்கள். தேவைப்பட்டால் ரிப்போர்ட்டுக்கு மட்டும் தனி ஜிமெயில் தொடங்குங்கள்.

வெவ்வேறு லேப் ரிப்போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும்போது அலகையும் பாருங்கள். கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவை இங்கே பெரும்பாலும் நானோகிராமில் தருவார்கள். வெளிநாட்டு லேப்கள் பலவற்றில் பிகோமோல். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 7.14 பிகோமோல். சிங்கப்பூரிலிருந்து திரும்பிவந்த பெண்ணுக்கு அங்கே 14, இங்கே 2 என்று வந்தால் சரிந்துவிட்டதாகத் தோன்றும்; இரண்டும் ஒரே அளவுதான்.

## காகித ஃபைல்

ஓ.டி.பி. கேட்காது, சார்ஜ் வேண்டாம், அம்மா எடுத்துக்கொண்டு ஓடலாம். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாய் சேய் நல அட்டைதான் இன்னமும் கையில் எடுத்துப் பார்க்கப்படுவது. கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு முறையும் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எழுதித்தரும் அந்த அட்டையைப் புரட்டினால் டியூட்டி டாக்டருக்கு அரை நிமிடத்தில் முழுக் கர்ப்பமும் தெரிந்துவிடும். எந்தச் செயலியின் திரையும் அவ்வளவு சீக்கிரம் சொல்வதில்லை.

அந்த அட்டையில் உங்கள் பிக்மி எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தரப்படும் இந்த 12 இலக்க எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் சிக்கலாகும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியும் வராது. தனியாரிடம் மட்டுமே காட்டுகிறவர்களுக்கும் இது தேவை. பிக்மி இணையதளத்தில் தாங்களே முன்பதிவு செய்யலாம், 102 எண்ணிலும் கேட்கலாம்.

காகிதத்தின் எதிரிகள் தண்ணீரும் வெயிலும் மட்டும் இல்லை. ஸ்கேன் சென்டரில் தரும் பளபளப்பான கறுப்புவெள்ளைப் படம் வெப்பத்தில் அச்சாகும் தாள், இ.சி.ஜி.யும், பிரசவ அறையில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிக்கும் பட்டையும் பெரும்பாலும் அப்படித்தான். சில வருடங்களில் வெளுத்துவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யக் கொடுத்தால் அந்தச் சூட்டில் முழுதும் கறுத்துப்போகும். அவற்றை முதல் வாரத்திலேயே போட்டோ எடுத்துவைக்க வேண்டும்.

காப்பீட்டில் பணம் திரும்பக் கேட்கும்போது அசலைக் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரே பிரதியை அனுப்பிவிட்டு, அடுத்த பிரசவத்தின்போது தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு அந்தத் தாள் உயிர் மாதிரி. கர்ப்பப்பையில் எந்த இடத்தில், எந்தத் திசையில் கீறினார்கள் என்று அதில்தான் இருக்கும். அடுத்தது சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்பது அதைப் பொறுத்தது. வயிற்றுத் தழும்பைப் பார்த்து உள்கீறலைச் சொல்ல முடியாது. அனுப்பும் முன் ஜெராக்ஸ் எடுத்து, மருத்துவமனை முத்திரையும் வாங்கிவிடுங்கள்.

ரகசியத்தில் காகிதம் தோற்கும். பீரோவில் இருக்கும் ஃபைலை வீட்டில் யாரும் திறக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | மருத்துவமனை செயலி | ஆபா | வாட்ஸ்அப் + டிரைவ் | காகித ஃபைல் |
|---|---|---|---|---|
| யார் கையில் | பதிவில் உள்ள நம்பர் வைத்திருப்பவர் | ஆபாவில் பதிந்த நம்பர் வைத்திருப்பவர் | கூகுள் கணக்கு வைத்திருப்பவர் | பீரோ சாவி வைத்திருப்பவர் |
| ஊர் மாறினால் | வராது, இறக்கி எடுக்கணும் | இரு மருத்துவமனையும் இணைந்திருந்தால் வரும் | வரும் | தூக்கிக்கொண்டு போகணும் |
| நடுராத்திரி அவசரம் | போன், கடவுச்சொல் வேண்டும் | போன், சம்மதம் வேண்டும் | போன் வேண்டும் | உடனே கிடைக்கும் |
| வீட்டாரிடம் ரகசியம் | நம்பர் உங்களுடையதானால் நல்லது | அதேபோல் | தனிக் கணக்கு இருந்தால் மிக நல்லது | இல்லை |
| ஸ்கேன் படம், ஃபிலிம் | அரிது | அரிது | போட்டோ மட்டும் | உண்டு |
| உங்கள் உழைப்பு | மிகக் குறைவு | தொடக்கத்தில் கொஞ்சம் | ஒவ்வொரு முறையும் | ஒவ்வொரு முறையும் |

## யாருக்கு எது

கர்ப்பிணி, பிரசவம் தாய்வீட்டில். காகித ஃபைல் முதலில், டிரைவ் இரண்டாவது. ஏழாம் மாதம் கிளம்பும் முன் டாக்டரிடம் இதுவரை நடந்ததன் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதித்தரச் சொல்லுங்கள். ரத்த வகை (நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி போட்ட தேதி), சர்க்கரைப் பரிசோதனை முடிவு, ஒவ்வாமை, முதல் ஸ்கேன் ரிப்போர்ட் ஆகியவை கட்டாயம். பிரசவத் தேதியைத் தீர்மானிக்க ஆரம்ப மாத ஸ்கேன்தான் நம்பகமானது. கடைசியில் எடுத்ததை மட்டும் கொண்டுபோனால் வாரக் கணக்கில் குழப்பம் வரும். அந்த ஒரு பக்கத்தின் போட்டோ அம்மா போனிலும் இருக்கட்டும்.

கருத்தரிப்புச் சிகிச்சையில் இருப்பவர். மருத்துவமனை செயலி, தம்பதி இருவரும் ஒப்புக்கொண்ட நம்பரில். அதோடு தனி ஜிமெயிலில் ஒரு பிரதி. கூட்டுக் குடும்பத்தில் ஹாலில் கிடக்கும் ஃபைல் எத்தனை பேர் கேள்விக்குப் பதில் சொல்லவைக்கும் என்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இந்தச் சிகிச்சையில் மருத்துவமனை மாறுவதும் அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் என்ன மருந்து, எந்த அளவு, எத்தனை முட்டை என்ற குறிப்பை அந்தச் சுற்று முடிந்ததுமே கேட்டு வாங்கிவிடுங்கள்.

தைராய்டு, சர்க்கரை, பி.பி. ஒரே மருத்துவமனை என்றால் செயலி போதும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்து போனவர்கள் அதோடு நிறுத்தக் கூடாது. பிரசவமாகி ஆறாவது வாரத்திலும் பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் பரிசோதிக்க வேண்டியிருப்பதால் அந்தப் பழைய ரிப்போர்ட்டுகள் பத்து வருடம் கழித்தும் தேவைப்படும். அவை டிரைவில் இருக்கட்டும். ஆபா தொடங்க நல்ல இடமும் இதுதான். அவசரம் இல்லாததால் பழகிக்கொள்ள நேரம் இருக்கும்.

மார்பகம், கர்ப்பப்பைவாய், சினைப்பை சம்பந்தமான சந்தேகம். நான்கில் எதுவும் தனியாகப் போதாது. பழைய மேமோகிராம் படம் இருந்தால்தான் புதிதில் மாறியது எது என்று தெரியும், ஃபிலிமைத் தூக்கிப்போடாதீர்கள். பயாப்சி எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு நிற்க வேண்டாம். எடுத்த திசுவைப் பதித்த கண்ணாடித் தகடும் மெழுகுக் கட்டியும் லேபில் இருக்கும். இரண்டாவது கருத்துக்குப் போகும்போது எழுதிக் கேட்டு வாங்கிச் செல்லலாம்.

வீட்டில் போன் பாதுகாப்பாக இல்லாத பெண். கணவரோ மற்றவர்களோ போனைச் சோதிக்கும் வீடுகள் உண்டு. அங்கே எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். நோட்டிபிகேஷன் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். பதிவின்போதே "இந்த நம்பருக்கு மெசேஜ் வேண்டாம்" என்று சொல்லி, நம்பகமான தோழி அல்லது சகோதரியின் நம்பரைக் கொடுக்கலாம். காகிதத்தை அவரிடமே வைக்கலாம். கருக்கலைப்பு விஷயத்தில் சட்டம் பெண்ணின் பக்கம் இருக்கிறது: 18 வயது நிரம்பியவருக்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை, கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி அந்தப் பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டப்படி அதிகாரம் உள்ளவரைத் தவிர வேறு யாரிடமும் டாக்டர் வெளியிட்டால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. டாக்டர் வாயைத் திறக்காவிட்டாலும் பில் மெசேஜ் தானாகப் போய்விடும் என்பதுதான் சிக்கல். அதனால் கவுன்டரில் நம்பர் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

வயதான அம்மாவின் ரிப்போர்ட்டைக் கவனிக்கும் மகள். நீங்கள் பெங்களூரிலோ துபாயிலோ இருந்தால் உங்கள் நம்பரைப் போட்டு மருத்துவமனை செயலியை நீங்களே நடத்துவது வசதி. பகிர்ந்த டிரைவ் ஃபோல்டர் இன்னும் வசதி, உள்ளூரில் இருக்கும் தம்பியும் பார்க்கலாம். ஆனால் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா ரிப்போர்ட்டும் தெரிய வேண்டும் என்று அவர் நினைக்காமல் இருக்கலாம். கர்ப்பப்பை இறக்கம், சிறுநீர்க் கசிவு மாதிரி விஷயங்களை மருமகன் பார்க்கும் ஃபோல்டரில் வைக்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். அவர் படுக்கைக்குப் பக்கத்தில் இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் பெரிய எழுத்தில் ஒரு தாளில் ஒட்டியிருக்கட்டும். 108 ஆம்புலன்ஸில் வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.